மீன் படம் போட்ட பாட்டில்

என் வீட்டு மகாராணிக்கு,

இங்கே நான், நம் மீன் கடை, தொட்டிகளில் உள்ள வண்ண மீன்கள் எல்லோரும் சௌக்கியம். மீன்களைப் பொறுத்தவரை இது முழு உண்மை.

இன்னும் ஒரு வருஷம் அங்கேயே வேலையில் தொடரட்டுமா என்று போனில் கேட்டாய். தாராளமாக இரு என்று வீரமாகச் சொல்லிவிட்டேன். போனை வைத்ததும் நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. கொஞ்ச நாளாகவே இப்படித்தான். வாடிக்கையாளர் கதவைத் திறந்தால்கூடப் புலி நுழைந்த மாதிரி உள்ளங்கை வியர்க்கிறது.

உன் தங்கைக்கு எப்படியோ மூக்கில் வியர்த்துவிட்டது. மருந்துக்கடையில் வேலை பார்ப்பவள் ஆயிற்றே! சத்துக் குறைவாலும் பதற்றம் வருமாம். ஒரு பாட்டிலைக் கையில் திணித்துவிட்டுப் போனாள். நானும் பக்தியோடு தினமும் நாக்கில் சொட்டு விட்டுக்கொண்டேன். மத்தியான வெயில் தொட்டிகளுக்குள் புகுந்து சுவரில் அலை அலையாக ஆடும். அப்போது தரையை விட்டு ஒரு சாண் மேலே மிதப்பேன். மேஜை, நாற்காலி, நான், எல்லோரும் மெதுவாக வாலாட்டிக்கொண்டிருப்போம். பாசிக்கு நடுவிலிருந்து ஒருதரம் நீகூடத் திரும்பிப் பார்த்தாய்.

பிறகு உன் தங்கை வந்தாள். அவள் தந்த பாட்டில் மூடிகூடத் திறக்காமல் அலமாரியில் இருந்தது. நான் விழுங்கியது மீன் தீவனத்தில் கலக்கும் வைட்டமின்.

"அத்தான், பாட்டில்ல மீன் படம் போட்டிருக்கே, அதுகூடவா தெரியல?"

"நீ குடுத்ததுலயும் மீன் படம்தானேம்மா இருக்கு."

அது மீன் எண்ணெயாம். அவள் வாயடைத்துப் போனாள். அடைத்த வாய் தெருமுனையில் திறந்துகொண்டது போலும். எதிர்க்கடைத் தையல்காரர் என்னைக் கண்டாலே கையால் நீந்திக் காட்டுகிறார்.

உன் தங்கை கூட்டிப்போன டாக்டர் மட்டும் சிரிக்கவில்லை. ரத்தம் எடுத்துப் பார்த்து, வைட்டமின் டி குறைவு என்று மாத்திரை எழுதினார். குறைவை அது சரிசெய்யும், பதற்றத்துக்குத் துணையாக இருந்தாலும் இருக்கலாம், அதையே நம்பி உட்காரக்கூடாது என்றார். அப்புறம் கேட்டார்: "மனசுவிட்டு யார்கிட்ட பேசுறீங்க?"

மீன்களிடம் என்று சொல்லிச் சிரிக்கவைக்கத்தான் வாயைத் திறந்தேன். அழுகை வந்துவிட்டது. மனநல ஆலோசகரைப் பார்க்கச் சீட்டு கொடுத்திருக்கிறார். போகிறேன்.

வேலை உன்னுடையது, முடிவும் உன்னுடையது. ஆனால் அன்று சொன்ன பதிலைக் கணக்கில் எடுத்துக்கொள்ளாதே. நேரத்துக்குச் சாப்பிடு, நன்றாகத் தூங்கு. வருவதாக இருந்தால் யாருக்கும் எதுவும் வாங்கி வராதே. கையை வீசிக்கொண்டு வா.

இப்படிக்கு,
உன் வீட்டுக்காரன்