கதவைச் சாத்தாத ஸ்கான்

சனிக்கிழமை, இரவு.

கடைக்குட்டி பிறந்ததிலிருந்து கோயிலில் உயர்த்திப் பாடினால் அடக்க ஏலாமல் சலம் கசிகிறது. இன்று இரண்டு ஸ்கான் முடிவுகளையும் டொக்டரிடம் கொண்டுபோனேன். இடுப்படித் தசை தாங்குகிறதா, முக்கும்போது சிறுநீர் தேங்கும் சலப்பை எவ்வளவு இறங்குகிறது என்று அளந்தவை. முதலாவதில் ஒன்றுமில்லை. இரண்டாவதில் நன்றாக இறங்கியிருக்கிறது.

"இந்த மெஷின் அளவுகளை நம்ப ஏலாது அம்மா. ஆறு மாதம் கழிச்சு வாங்கோ" என்றார்.

மெஷின் என்ன பிழை செய்தது? முதல் தடவை, துறைமுகத்தடிக் கிளினிக்கில், அறைக் கதவு திறந்தே கிடந்தது. ஆட்கள் வந்து போனார்கள். "முக்குங்கோ, முக்குங்கோ" என்று ஸ்கான் எடுத்த தம்பி கத்தக் கத்த, கட்டிலை நனைத்துவிடுவேனோ என்று இறுக்கிப் பிடித்துக்கொண்டு கிடந்தேன். இரண்டாம் தடவை அளந்த பிள்ளை முதலில் கதவைச் சாத்தினாள். "நனைஞ்சா நனையட்டும் அன்ரி, துடைக்கலாம்" என்றாள். அப்போதுதான் முக்கினேன்.

இதைச் சொல்ல வாயெடுத்தேன். "அடுத்த ஆளை வரச்சொல்லுங்கோ" என்றார் டொக்டர்.

நாளைக்குப் பூசை. ஏன் பாட வருவதில்லை என்று கேட்பார்கள். தொண்டை சரியில்லை என்று இந்த முறையும் சொல்வேன். அதை மட்டும் உடனே நம்பிவிடுவார்கள்.