தக்காளி நாத்து என்று பெயர் வைத்த அண்ணிக்கு

என் அன்பு அண்ணிக்கு,

நீங்கள் எங்களை விட்டுக் கண்மூடி ஒரு வருடம் ஆகிறது. உங்கள் வாட்ஸ்அப் குழு நன்றாகத்தான் ஓடுகிறது. இதை முதலில் சொல்லிவிடுகிறேன். அங்கே போயும் அதையேதான் நினைத்துக்கொண்டிருப்பீர்கள்.

மனநல மாத்திரை சாப்பிடுகிற எங்கள் பதினோரு பேருக்காக, நர்ஸ் வேலைக்கு நடுவே நீங்கள் தொடங்கிய குழு அது. மாமியார் எடுத்துப் பார்த்தாலும் சந்தேகம் வரக்கூடாதென்று ‘தக்காளி நாத்து’ என்று பெயர் வைத்தீர்கள். காலையில் “தண்ணி ஊத்தியாச்சா?” என்று கேட்டால், மாத்திரை போட்டாச்சா என்று அர்த்தம். “இலை சுருண்டிருக்கு” என்றால் அன்றைக்கு மனசு சரியில்லை. இந்தத் திருட்டுப் புத்தி உங்களுக்கு எங்கிருந்து வந்தது அண்ணி?

உங்களுக்குப் பிறகு காலையில் கேட்கிற வேலை எனக்கு வந்தது. பிள்ளை பெற்றபின் ஆறு மாதம் சுவரையே பார்த்து உட்கார்ந்திருந்தவள் நான். என்னை நம்பியா விட்டுப்போனீர்கள் என்று உங்கள்மேல் கோபம்கூட வந்தது.

சித்திரையில் பாப்பாரப்பட்டிப் பக்கத்து விவசாயி ஒருவர் உள்ளே வந்துவிட்டார். சந்தையில் நம்மில் ஒருத்தியின் ஃபோனில் பெயரைப் பார்த்து, நாத்து விற்கிற குழு என்று நினைத்துக் கேட்டிருக்கிறார். அவளும் மறுக்கத் தெரியாமல் லிங்க்கை அனுப்பிவிட்டாள். மறுநாள் நான் “தண்ணி ஊத்தியாச்சா?” என்று கேட்க, “போர்லயே தண்ணி இல்லீங்க, எங்க ஊத்தறது?” என்று அவர் பதில் போட்டார். சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. எப்படிச் சொல்லி நீக்குவதென்று தெரியாமல் நான்கு நாள் தள்ளிப்போட்டேன்.

ஐந்தாம் நாள் மத்தியானம் யாரோ “இலை சுருண்டிருக்கு” என்று எழுதினார்கள். அதற்கு அவர், “செடிக்கு மருந்து இருக்குங்க. மனுசனுக்குத்தான் இல்ல. எனக்கு இனிமே நாத்து வேணாங்க” என்று எழுதினார்.

நீங்கள் சொல்லிக்கொடுத்தபடி, உடனே கூப்பிட்டு நேராகவே கேட்டேன். “அண்ணா, செத்துப்போயிடலாம்னு தோணுதுங்களா?”

“ஆமாங்கம்மா” என்றார்.

“வூட்ல அக்கா இருக்காங்களா?” என்று கேட்டேன். வயலுக்குப் போயிருப்பதாகச் சொன்னார். “அவங்க வர்ற வரைக்கும் எங்கிட்ட பேசிக்கிட்டே இருங்க.”

அவர் மனைவி வயலிலிருந்து வரும்வரை நான் ஃபோனை வைக்கவில்லை. அன்றே தர்மபுரி பெரியாஸ்பத்திரிக்கு அவர்களோடு நானும் போனேன்.

இப்போது தேறிவிட்டார் அண்ணி. ஆவணியில் எங்கள் எல்லோருக்கும் ஆளுக்கொரு தட்டு நாற்று கொண்டுவந்து கொடுத்தார். “குரூப்புல சேந்து இத்தன நாளாச்சு, இப்பத்தான் நாத்தே வருதா?” என்று என் மாமியார் கேட்டார். நீங்கள் இருந்து அதைக் கேட்டிருக்க வேண்டும்.

போன வாரம், இனி எதற்கு ஒளிக்க வேண்டும், ‘மனநலம்’ என்றே பெயரை மாற்றிவிடலாம் என்று பேச்சு வந்தது. எனக்கும் அதுதான் சரியென்று பட்டது. அப்போது அந்த விவசாயி ஒரு வாய்ஸ் மெசேஜ் அனுப்பினார். “பேர மாத்தாதீங்க. மனநலம்னு போட்டிருந்தா நான் உள்ளயே வந்திருக்க மாட்டேங்க. நான் நாத்துக்குத்தான வந்தேன்?”

அவரிடம் கேட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். தன் பெயரை மட்டும் போட வேண்டாம் என்றார்.

குழுவின் பெயர் மாறாது அண்ணி. காலையில் கேட்பதை ஒருநாளும் விடமாட்டேன், இது சத்தியம். நீங்கள் கேட்பதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன்: இன்றைக்குத் தண்ணி ஊத்தியாச்சு.

உங்கள் நாத்தனார்,
கலா