மேலே ஏறிப்போன எழுத்து

மார்ச் 3, செவ்வாய்

காலை அரிசிக் கஞ்சி. பதினொன்றிலிருந்து ஒன்றுவரை கீழே மருந்துக்கடையில் மாத்திரை போடும் காகிதக் கவர் ஒட்டினேன். மதியம் சோறு, அவித்த உருளைக்கிழங்கு. நாலு மணிக்கு வயிறு பிடுங்கிக்கொண்டது. ஐந்து தடவை போனேன். வாயில் பழைய புண் மறுபடியும்.

தின்றதையும் பட்டதையும் தினமும் குறித்து வைக்கச் சொல்லியிருக்கிறார் டாக்டரம்மா. குறிக்க எழுத்துத் தெரிய வேண்டாமா? மருமகள்தான் போனில் ஒரு மைக் படத்தைக் காட்டிக் கொடுத்தாள். "இதை அமுக்கிட்டுப் பேசுங்கப்பா, அதுவே எழுதிக்கும்." தேதியையும் அதுவே போட்டுக்கொள்ளுமாம். பேசப் பேச எழுத்து எறும்பு மாதிரி ஊர்ந்து, மேலே ஏறி, மறைந்துவிடுகிறது. கடைசியில் நிற்கிற நாலு வரி டாக்டரம்மாவுக்குப் போதும். மற்றபடி போனது போனதுதான்.

மார்ச் 5, வியாழன்

கஞ்சி. கவர். சோறு, கீரை. சாயங்காலம் அதே கதை.

கோதுமை என் குடலுக்கு ஆகாது. கண்டுபிடித்து இரண்டு வருஷம் ஆகிறது. அன்றைக்கு என் எடை முப்பத்தெட்டு கிலோ. ஆகாதவற்றை டாக்டரம்மா ஒரே ஒரு தரம் வாசித்தார், நான் பிடித்துக்கொண்டேன்: கோதுமை, மைதா, ரவை, சேமியா, பார்லி, ரொட்டி, பிஸ்கட். தூள் பட்டாலும் போதுமாம். மருமகள் அன்றே வீட்டிலிருந்த மாவையெல்லாம் வெளியேற்றினாள். எனக்குத் தனிச் சட்டி, தனிக் கரண்டி. எழுத்துத் தெரியாதவன் என்று என் டப்பாக்களில் சிவப்பு ரிப்பன் கட்டிவிட்டாள்.

கல்யாணம் ஆகி வந்த மூன்றாம் நாள், தண்ணீர்க் குடத்தை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டே சொன்னாள். "எங்கப்பா நான் பேசக் கத்துக்கறதுக்கு முன்னாடியே போயிட்டாரு. உங்களை அப்பான்னு கூப்பிட்டுக்கட்டுமா?" பதினோரு வருஷம் ஆகிறது. அன்று அவள் கட்டியிருந்த சேலையின் நிறம்கூட எனக்கு ஞாபகம் இருக்கிறது.

மார்ச் 9, திங்கள்

ரத்தப் பரிசோதனை. ஏறக்கூடாத எண் ஏறியிருக்கிறது என்றார் டாக்டரம்மா. "எங்கேயோ கோதுமை உள்ளே போகுது பெரியவரே. இப்படியே விட்டா மறுபடி படுக்கைதான். இந்த வயசுல எழுந்துக்கறது கஷ்டம்."

எங்கிருந்து போகிறது?

மார்ச் 11, புதன்

மாடிப்படித் திருப்பத்தில் ரொட்டித் தூள்.

மார்ச் 12, வியாழன்

கஞ்சி. கவர். சோறு, பூசணி. அதன்பின் ஆறு தடவை.

இன்றும் படியில் தூள். மருமகளின் கைப்பையில் ரொட்டிக் காகிதம் சலசலக்கிறது. என்னைக் கண்டதும் ஜிப்பை இழுத்து மூடினாள். மாவே கூடாத வீட்டில் இவளுக்கு ரொட்டி எதற்கு? அந்தக் கையால்தானே எனக்குச் சோறு போடுகிறாள்?

இவ வேணும்னேதான் செய்றா. கிழவன் போனா ஒரு ரூம் மிச்சம்னு பாக்குறா. எனக்கு அதுகூடப் புரியாதா?

சொல்லிவிட்டேன். எழுத்து மேலே ஏறிப் போய்விட்டது.

மார்ச் 14, சனி

இனி இவள் சமைத்தது வேண்டாம் என்று மகனிடம் சொன்னேன். தட்டைத் தள்ளி வைத்தேன். அவள் சட்டி, கரண்டி, அரிவாள்மனை எல்லாவற்றையும் வெந்நீரில் போட்டுத் தேய்த்துக்கொண்டே இருந்தாள்.

கடையில் வாங்கிய இரண்டு வாழைப்பழம், அவ்வளவுதான் என் சாப்பாடு. கவர் ஒட்டினேன். சாயங்காலம் அப்படியும் வயிறு போயிற்று. பழத்திலும் கை வைத்தாளா என்று கேட்டுவிட்டேன். மகன் சிரிக்கவில்லை. "ஆமாப்பா. தோலை உரிச்சு, உள்ளே வெச்சு, திரும்ப ஒட்டிட்டா."

மார்ச் 19, வியாழன்

இதைச் சொல்லத்தான் வேண்டும்.

மகன் லீவு கிடைக்காமல் நின்றுவிட்டதால் மருமகள்தான் ஆஸ்பத்திரிக்கு வந்தாள். டாக்டரம்மா போனை அவளிடம் கொடுத்தார். "குறிச்சதைப் படிங்கம்மா." நாலு வரிதானே என்று உட்கார்ந்திருந்தேன். அவள் விரலால் திரையைக் கீழே இழுத்தாள். மேலே போனதெல்லாம் இறங்கி வந்தது! மூன்றாம் தேதி. ஐந்தாம் தேதி. தண்ணீர்க் குடம்... அங்கே ஒரு நொடி என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

விரல் விட்டு எண்ணினேன். ஒன்பது. பதினொன்று.

பன்னிரண்டாம் தேதிக்கு வந்தாள். கஞ்சி, கவர், சோறு, பூசணி. நின்றாள். பிறகு, மளிகைச் சீட்டை வாசிப்பதுபோல ஏற்ற இறக்கமில்லாமல், கடைசிச் சொல்வரை படித்து முடித்தாள். கிழவன். ரூம் மிச்சம். எல்லாம்.

டாக்டரம்மா மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மருமகள்தான் பேசினாள். "எல்லா நாளும் கவர்னு வருது டாக்டர். அதுக்கப்புறம்தான் வயிறு போகுது."

"எப்படி ஒட்டுவீங்க பெரியவரே? செஞ்சு காட்டுங்க."

வெறுங்கையால் காட்டினேன். ஆள்காட்டி விரலை நாக்கில் தொட்டுத் தாளைப் பிரித்தேன். அதே விரலால் பசை எடுத்து இழுத்தேன். மடித்தேன். மறுபடி நாக்கில் தொட்டேன்.

"பசை எதுல காய்ச்சுவாங்க?"

"மைதாவுல."

என் வாயாலேயே சொன்னேன். பட்டியலில் இரண்டாவது. உறக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பேன். ஆனால் பசையை யாராவது சாப்பாடு என்று நினைப்பார்களா? சோற்றுக்கு உட்காரும் முன் மூன்று தரம் சோப்புப் போட்டுக் கழுவினேனே! நாக்கை யார் கழுவுவது?

பஸ்ஸில் சன்னலைப் பார்த்தபடியே சொன்னாள். "உங்க பேத்தி ரொட்டி ரொட்டின்னு அழுவா. வீட்டுக்குள்ள தூள் விழக்கூடாதுன்னு படியில உக்கார வெச்சுக் குடுத்து, வாய் கழுவிக் கூட்டிட்டு வருவேன்."

"மன்னிச்சிரும்மா," என்றேன்.

"பரவால்ல மாமா."

மார்ச் 20, வெள்ளி

மருந்துக்கடைக்காரர் மேலே வந்து கூப்பிட்டார். போகவில்லை.

ஏப்ரல் 6, திங்கள்

கஞ்சி. சோறு, அவரைக்காய். வயிறு பதினைந்து நாளாகச் சத்தமில்லை. வாய்ப்புண் ஆறிவிட்டது.

ரிப்பன் நைந்துபோன டப்பாவுக்குப் புதிது கட்டியிருக்கிறாள். சோறு பதமாகத்தான் இருக்கிறது, உப்பும் சரி. எதிலும் குறை வைக்கவில்லை.

போனில் எழுதியதை அழிக்கலாமாம், மகன் சொன்னான். திரையைக் கீழே இழுத்து இழுத்துப் பார்த்தேன். எல்லாம் எறும்புதான். எது அந்த எறும்பு? யாரிடம் காட்டிக் கேட்பேன்?

தட்டு வைத்துவிட்டு உள்ளேயிருந்து கூப்பிட்டாள். "மாமா, சாப்பிட வாங்க."

பேத்தி படித்துக்கொண்டிருந்தவள் தலையைத் தூக்கினாள். "ஏம்மா இப்பல்லாம் தாத்தாவை மாமாங்கறே?"

"மாமாவை மாமான்னு கூப்பிடாம?" என்றாள். குரலில் கோபம்கூட இல்லை.

போய் உட்கார்ந்து சாப்பிட்டேன்.