பிரேக் மிதிக்க ஓர் ஆள்

என் வீட்டு மகாராணிக்கு,

நான் நலம். உன் இடுப்பு வலி தேவலையா?

இங்கே என் பைக்கின் செயினையும், அது ஓடும் முன் பல்சக்கரமான ஸ்பிராக்கெட்டையும் நானே மாற்றிவிட்டேன். பயப்படாதே, பத்து விரலும் பத்திரம். கடைசியில் நட்டை இறுக்கும்போது சக்கரம் சுற்றாமலிருக்க ஒருவர் பின்பிரேக்கை மிதிக்க வேண்டுமே. ஹவுஸ் ஓனரை ஏற்றி உட்காரவைத்தேன். நான் ஸ்பானரைத் திருகத் திருக, வண்டி அவரோடு பின்னாலேயே போனது.

“நல்லா மிதிங்கண்ணே!”

“மிதிச்சுக்கிட்டுதானேப்பா இருக்கேன்!”

மனிதர் உயிரைக் கொடுத்து மிதித்தது ஃபுட்ரெஸ்டை! அவருடைய பூந்தொட்டி உடைந்ததுதான் மிச்சம்.

நீயென்றால் என்னைத் திட்டிக்கொண்டே சரியாக மிதிப்பாய்.

நம் வீட்டு வண்டிச் செயினை உன் தம்பி மாற்றுகிறேன் என்றால் விடாதே. எண்ணெய் மட்டும் போடட்டும். நான் வந்து மாற்றுகிறேன், தேயாவிட்டாலும் மாற்றுகிறேன்.

டியூட்டிக்கு நேரமாகிவிட்டது.

உன்னிடம் திட்டு வாங்கும்
மெக்கானிக்