சுவிட்ச் போட்டது யார்

மார்ச் 4

அண்ணனுக்கு,

தங்கச்சி எழுதுகிறேன். பதினோரு வருஷம் கழித்து எழுதுகிறாளே, யாராவது போய்ச் சேர்ந்துவிட்டார்களா என்று பதறாதே. எல்லாரும் உயிரோடுதான் இருக்கிறோம். இதுவரை உன்னை ‘நீங்க’ என்றுதான் கூப்பிட்டிருக்கிறேன். இந்தக் கடிதத்தில் அது வராது. அஞ்சாவதோடு படிப்பை நிறுத்தி என்னை அப்பாவின் கறிக்கடையில் நிற்க வைத்துவிட்டார்கள். அந்த எழுத்துதான் இது. தப்பிருந்தால் நீயே திருத்திப் படித்துக்கொள்.

மகளுக்குப் பெண் குழந்தை பிறந்து ஏழு மாசம் ஆகிறது. அடுத்த மாசம் அவள் வேலைக்குத் திரும்ப வேண்டும், இல்லாவிட்டால் வேலை போய்விடும். பகலெல்லாம் குழந்தையை நான்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். என்னால் முடியவில்லை. தூக்கலாம் என்று குனிந்தால் மண்டைக்குள் ஒரு படம் ஓடுகிறது. அதன் பிஞ்சு விரல் கறி அரைக்கிற மிஷினுக்குள் போகிறது. அந்தப் பக்கம் கூழாக வருகிறது. என் வீட்டில் மிஷினே கிடையாது, ஆனாலும் வருகிறது. கத்தியை எல்லாம் துணியில் சுற்றிப் பூட்டி வைத்துவிட்டேன். வெங்காயத்தைக் கையால் பிய்த்துப் போடுகிறேன். மகள் கேட்கிறாள், “என்னம்மா, குழம்புல குரங்கு பூந்த மாதிரி இருக்கு?”

சுகாதார நிலையத்து நர்ஸிடம் போனேன். என் மகள் வயசுகூட இருக்காது. “மனசு உங்களைத் திட்டும்போது என்ன வார்த்தை சொல்லுதோ அதை அப்படியே எழுதுங்கம்மா. அதை உங்ககிட்ட முதல்ல சொன்னது யாருன்னு பக்கத்துலயே எழுதுங்க. அப்புறம் அவங்களுக்குக் கடிதம் மாதிரி எழுதிக் கிழிச்சுப் போட்டுடுங்க” என்றாள்.

எழுதினேன். ஓட்டைக்கை. நீ தொட்டது விளங்காது. பெத்தவனையே முடமாக்கினவ. உன் கையில எவன் புள்ளையைக் குடுப்பான். எழுதிவிட்டுப் பக்கத்தில் பார்த்தால், அண்ணன், அண்ணன், அண்ணன், அண்ணன். பேச்சுக்குக்கூட வேறு ஆள் இல்லை.

கிழிக்க மனசு வரவில்லை. உன் சாமானை நான் ஏன் கிழிக்க வேண்டும்? உனக்கே அனுப்புகிறேன், வைத்துக்கொள்.

ஞாபகம் இல்லை என்று மட்டும் சொல்லாதே. எனக்கு இருக்கிறது. அப்பாவின் கையை மிஷின் தின்ற அன்றைக்குச் சாயங்காலம் என் முடியைப் பிடித்துத் தரதரவென்று இழுத்துப் போய் ஐஸ் ரூமில் தள்ளினாய். தோலுரித்துத் தொங்கவிட்ட ஏழு ஆட்டு உடம்புக்கு நடுவில், ஈரத் துணியோடு. எனக்குப் பதினாலு, உனக்குப் பத்தொன்பது. வெளியே நின்று, “நான்தான் சுவிட்ச் போட்டேன்னு சொல்லு, திறக்கிறேன்” என்றாய். உதடு விறைத்துப் போகிற நேரத்தில் சொன்னேன். திறந்தாய். அதற்கப்புறம் கடை கழுவுகிற ரப்பர் குழாயால் இருபத்து மூன்று தடவை அடித்திருக்கிறாய். எந்தெந்த நாள் என்றுகூடச் சொல்வேன்.

சுவிட்ச் போட்டது நான்தான். அதை இல்லையென்று சொல்ல வரவில்லை. அதற்காக ஒரு பிள்ளையைச் செத்த ஆட்டோடு பூட்டுவாயா?

இப்படிக்கு,
நீ வைத்த பேரில், ஓட்டைக்கை


மார்ச் 13

தங்கச்சிக்கு,

உன் கடிதத்தை உன் அண்ணி பிரித்து, மருமகள் முன்னால் சத்தம் போட்டே படித்துவிட்டாள். எழுபத்து மூன்று வயசில் எனக்கு இந்த மரியாதை தேவைதான்.

அடித்தேன். இல்லையென்று சொல்லவில்லை. அந்தக் காலத்தில் எந்த அண்ணன் அடிக்கவில்லை? அப்பா மணிக்கட்டுக்குக் கீழே ஒன்றுமில்லாமல் கட்டிலில் கிடந்தார். பத்தொன்பது வயசில் கடையைத் தூக்கி நிறுத்தினவன் நான். உன் கல்யாணத்தை நடத்தினவன் நான். அதெல்லாம் உன் ஞாபகத்தில் நிற்காது. குழாய் மட்டும் நிற்கும்.

சுவிட்ச் போட்டது நீ என்று ஊருக்கே தெரியும். அப்பாவே ஒருநாளும் மறுத்துப் பேசவில்லை. உனக்குப் படம் ஓடுகிறது என்றால் மாத்திரை போட்டுக்கொள். குழந்தையை வேறு யாரிடமாவது விடச் சொல். உன்னை நம்பிக் குழந்தையை விடாதே என்று உன் மகளுக்கு நானே போன் போட்டுச் சொல்வேன். அதற்கு எனக்கு ஒன்றும் கூச்சமில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அண்ணன்


மார்ச் 20

அண்ணனுக்கு,

கடிதத்தைத் தபாலில் போட்டதைக் கேட்டு நர்ஸ் தலையில் கை வைத்துக்கொண்டாள். “கிழிக்கத்தானேம்மா சொன்னேன்!” என்றாள். அப்புறம் உன் பதிலைக் கேட்டு வாங்கி இரண்டு தடவை படித்தாள். “அன்னைக்கு யாரு யாரு எங்கே நின்னீங்க? படமாப் போட்டுக் காட்டுங்க” என்றாள்.

படம் போட எனக்குத் தெரியாதா என்ன? கண்ணை மூடினால் கடை நிற்கிறது. மேடை மேல் மிஷின். நரம்பு சுற்றிக்கொண்டு அரைக்காமல் நின்றுவிட்டது. சுவிட்சை அணைத்துவிட்டு வந்து, அந்த நரம்பைப் பிடுங்க அப்பா வலது கையை மேல்வாய் வழியாக விட்டார். நம் கடை வழக்கம் உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் நர்ஸுக்குச் சொன்னேன். கை விடுகிறவர் ‘கை உள்ளே’ என்று கத்த வேண்டும். கடையில் இருக்கிற எல்லாரும் திருப்பிச் சொல்ல வேண்டும். அதற்கப்புறம் சுவிட்ச் பக்கம் யாரும் போகக் கூடாது.

“நீங்க எங்கே?” என்றாள்.

“மிஷின்ல கறி வெளியே வர்ற வாய்க்கு நேரே. தகரத் தட்டைப் பிடிச்சுக்கிட்டு. பாதித் தட்டு கறி.”

“ஒரு கையாலயா?”

“அந்தக் கனத்தை எவ ஒரு கையால பிடிப்பா? ரெண்டு கையாலயும்தான். அப்பா கை அதுல வந்து விழுந்துச்சு, கறியோட கறியா. அதுக்கப்புறம்தான் தட்டைப் போட்டேன்.”

“சுவிட்ச்?”

“கதவுக்குப் பின்னால, சுவத்துல. ஆறு எட்டு வெச்சாத்தான் போக முடியும்.”

நர்ஸ் பேனாவை வைத்துவிட்டாள். “அப்ப எந்தக் கையாலம்மா போட்டீங்க?”

என் இரண்டு கையையும் மடியில் விரித்து வைத்துப் பார்த்தேன். நீ அடித்த ஒவ்வொரு அடியையும் எண்ணி வைத்தவள் என் கையை எண்ணிப் பார்க்கவில்லை. ஐஸ் ரூமில் ஒருதரம் வாயால் சொன்னதை அப்புறம் கண்ணால் பார்த்ததாகவே நம்பிவிட்டேன். ஐம்பத்து நாலு வருஷம் மூன்றாவது கை ஒன்றோடு வாழ்ந்திருக்கிறேன்.

இன்னொன்றும் ஞாபகம் வருகிறது. கடையில் அப்போது நாம் மூன்று பேர்தான். அப்பா ‘கை உள்ளே’ என்றார். நான் சொன்னேன். நீ சொல்லவில்லை. கதவோரம் நின்றாய். காலையில் கறி வாங்க வந்தவர்கள் முன்னால் அப்பா உன்னைச் செருப்பால் அடித்திருந்தார். உன் கன்னத்தில் அதன் அச்சு அப்படியே இருந்தது.

ஒரு கேள்விதான். சுவிட்ச் போட்டது யார்?

என் மகளுக்குப் போன் போடுவதானால் போடு. பதிலையும் சேர்த்துச் சொல்லு.

தங்கச்சி


ஏப்ரல் 5

தங்கச்சிக்கு,

நாலு தடவை எழுதிக் கிழித்துவிட்டு எழுதுகிறேன்.

அப்பா ‘கை உள்ளே’ என்று சொன்னது எனக்குக் கேட்டது. நன்றாகவே கேட்டது. பயமுறுத்தத்தான் நினைத்தேன். சுவிட்சை ஒரே ஒரு தட்டு தட்டினால் பயந்து கையை உருவிக்கொள்வார், ஒருநாளாவது என்னைப் பார்த்துப் பயப்படுவார் என்று நினைத்தேன். தட்டினேன். அந்தச் சத்தம் உனக்கும் தெரியும். எலும்பு அரைபடும்போது மிஷின் வேறு மாதிரி உறுமும்.

கத்துவதற்கு முன்னால் அப்பா திரும்பி என்னைப் பார்த்தார். அவருக்குத் தெரியும். அன்றைக்கு மத்தியானம் ஆஸ்பத்திரியில், “சொல்லிடட்டுமாப்பா?” என்று காலைப் பிடித்தேன். “நீ ஜெயிலுக்குப் போனா கடையை யாரு பாக்கிறது? அவ சின்னப் புள்ள. அவ போட்டான்னா யாரும் ஒண்ணும் செய்ய மாட்டாங்க. அவளும் மறந்துடுவா” என்றார். சாயங்காலம் வந்து உன்னைப் பூட்டினேன்.

அதற்கப்புறம் உன்னைப் பார்த்தாலே அடிக்க வேண்டும் போல இருக்கும். நீ சும்மா கறி கழுவிக்கொண்டிருப்பாய், எனக்குச் சாட்சி நிற்கிற மாதிரி இருக்கும். என் மண்டைக்குள்ளும் ஒருத்தன் உட்கார்ந்து திட்டுகிறான், தங்கச்சி. அவன் வேறு யார் குரலிலும் பேசுவதில்லை. என் குரல்தான்.

என்னை மன்னித்துவிடு. பிள்ளைகளுக்கு மட்டும் தெரிய வேண்டாம். நீ வா. இல்லாவிட்டால் நான் வருகிறேன். உன் காலில் விழுகிறேன்.

அண்ணன்


ஏப்ரல் 29

அண்ணனுக்கு,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. முதல் வாரம் முழுக்க உன்னைக் கொன்றுகொண்டிருந்தேன். ஒருநாள் மிஷினில், ஒருநாள் எலும்பு வெட்டுகிற கட்டை மேல். இரண்டாவது வாரம் அப்பாவை. செத்தவரைக் கொல்வது லேசில்லை. களைத்துப் போனேன். நர்ஸிடம் சொன்னேன். “நினைப்புதானேம்மா, வந்துட்டுப் போகட்டும். நீங்க மூச்சை மெதுவா விடுங்க” என்றாள். விட்டேன்.

மகள் வேலைக்குப் போகிறாள். குழந்தை என்னிடம்தான் இருக்கிறது. உன் குரல் ஓய்ந்துவிட்டது என்று நிம்மதிப்படாதே. தினம் வருகிறது. “வந்துட்டியா? ஓரமா உக்காரு, எனக்கு வேலை கிடக்கு” என்று சொல்லிவிட்டுப் பால் ஆற்றுகிறேன்.

முந்தாநாள் குழந்தை விழுந்துவிட்டது. கட்டிலில் போட்டுவிட்டுத் துண்டு எடுக்கத் திரும்பினேன். அதற்குள் புரண்டு தொப்பென்று விழுந்தது. நெற்றியில் கோலிக்குண்டு அளவுக்கு வீக்கம். வீடு இடிகிற மாதிரி கத்தியது. அதைவிடச் சத்தமாக மண்டைக்குள் நீ கத்தினாய். ‘தானா விழுந்துச்சுன்னு சொல்லிடு, யாரு பாத்தா’ என்று வேறு சொன்னாய். அது எனக்குப் புதுசு.

நீ கத்தக் கத்தத் தூக்கினேன். தோளில் போட்டுக்கொண்டு நர்ஸிடம் ஓடுகிற வழியிலேயே மகளுக்குப் போன் போட்டேன்.

“பாப்பா கட்டில்லேர்ந்து விழுந்துட்டா. நான்தான் கவனிக்கல. நெத்தி வீங்கியிருக்கு, நர்ஸ்கிட்டப் போயிட்டிருக்கேன்.”

 மகள் பதில் சொல்வதற்குள் நான் செத்துப் பிழைத்தேன்.

“உடனே அழுதாளா?”

“அழுதா. இப்பவும் காதுக்குள்ளதான் அழறா, கேக்கலையா?”

“சரிம்மா. நர்ஸ் என்ன சொல்றாங்கன்னு சொல்லு. நாளைக்கு எனக்கு ஆறு மணிக்கே ஷிஃப்ட். நீ சீக்கிரம் எழுந்துக்கணும்.”

நடுத்தெருவில் நின்று அழுதேன். நர்ஸ் பார்த்தாள், குழந்தைக்கு ஒன்றுமில்லை.

அண்ணா, நான் மகளிடம் சொன்னது ‘நான்தான் கவனிக்கல’ என்ற ரெண்டே வார்த்தை. அதைச் சொல்ல ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

மன்னிப்பு என்னிடம் இல்லை. இருந்தால் கொடுத்திருப்பேன். நீ வரவும் வேண்டாம், விழவும் வேண்டாம். உன் பிள்ளைகளைக் கூப்பிட்டு எதிரில் உட்கார வைத்துச் சொல்லு. நான் சொல்ல மாட்டேன். அது உன் வேலை. சொல்லி முடித்த பிறகு எழுது, பிரித்துப் படிக்கிறேன். அதுவரை எதுவும் எழுதாதே.

குழந்தை எழுந்துவிட்டது. தூக்க வேண்டும்.

தங்கச்சி