தூக்குக் குண்டு பார்த்துக் கட்டிய பாய்மரம்

கல்லடி, மட்டக்களப்பு.
திங்கட்கிழமை.

அன்பின் கேதீஸ்வரிக்கு,

நானும் பிள்ளை விதுர்ஷாவும் சுகமாக இருக்கிறோம். நீயும் அப்படியே இருக்க மாமாங்கப் பிள்ளையார் துணை. உன் முதுகு நோவைப் பற்றி வருகிற வெள்ளிக்கிழமை போனிலாவது உண்மையைச் சொல். ‘சுகம்’ என்ற ஒரே சொல்லில் எத்தனை தடவைதான் என்னை ஏமாற்றுவாய்?

நீ வேலை செய்யும் அந்த வீட்டில் கிழமைக்குப் பத்து நிமிடம் போன் தருகிறார்கள். அதில் எட்டு நிமிடம் பிள்ளைக்குப் போய்விடுகிறது. மிச்ச நேரத்தில் உன் எசமானி மடம் பக்கத்தில் நிற்பது உன் குரலிலேயே தெரியும். அதனால்தான் இதை எழுதி, லீவு முடிந்து குவைத்துக்குத் திரும்பும் ஏறாவூர் பரீனாவிடம் கொடுக்கிறேன்.

விதுர்ஷா இப்போது இரட்டைப் பின்னலைத் தானே போடுகிறாள். நான் பின்னினால் கயிறு திரித்த மாதிரி இருக்கிறதாம். உன் தையல் மெஷினுக்கு எண்ணெய் விட்டு, துணி போட்டு மூடி வைத்திருக்கிறாள்.

இனி, உனக்குச் சொல்லாமல் வைத்திருந்த செய்தி. கட்டடச் சாரத்திலிருந்து விழுந்து கால் நொண்டியானபிறகு நான் எத்தனை வேலையைத் தொடங்கினேன், எத்தனையை விட்டேன் என்று உனக்குத் தெரியும். இன்னொன்றைச் சொல்லி உன் ஆசையைக் கிளப்ப மனம் வரவில்லை. வாவிக்கரை விடுதியொன்றில் மதிலின் அடிப்பாகம் பூசப் போனேன். அங்கே கொட்டிலுக்குள் ஒரு சின்னப் பாய்ப்படகு கிடந்தது. ஞாயிற்றுக்கிழமை கொழும்பிலிருந்து ஆட்கள் வருவதாக முதலாளி சொன்னார். அதற்குள் அதை ஓட வைத்தால் விருந்தினரை ஏற்றி ஓட்டும் வேலை எனக்கு, ஓடாவிட்டால் விற்றுவிடுவாராம். அந்த வேலை கிடைத்தால் நீ அங்கே இன்னும் இரண்டு வருடம் கிடக்கத் தேவையில்லை. சின்ன வயதில் வாவியில் பாய்த்தோணி ஓட்டிய தைரியத்தில், வேறு எதையும் யோசிக்காமல் ஓம் என்றேன்.

பாய்மரத்தை மூன்று கம்பிகள்தான் பிடித்து நிறுத்துகின்றன. பக்கத்துக்கு ஒன்று, முன்னால் ஒன்று. ஒவ்வொன்றின் அடியிலும் வரிசையாகத் துளை போட்ட ஒரு தகடு. ஆணியை எந்தத் துளையில் போடுகிறோமோ அதைப் பொறுத்துக் கம்பி இறுகும் அல்லது தளரும். இருபது வருடம் சுவர் எழுப்பியவனுக்கு ஒரு மரத்தை நேராக நிறுத்துவது பெரிய வேலையா? படகைக் கரையில் வைத்து, தூக்குக் குண்டைத் தொங்கவிட்டு, நூல் பிசகாமல் நிறுத்தினேன். எனக்கே பெருமையாக இருந்தது.

வியாழக்கிழமை விடுதியில் தோணி ஓட்டும் றிஷாட்டை ஏற்றிக்கொண்டு போனேன். ஒரு பக்கம் பறந்தது. மற்றப் பக்கம் கிறுக்கித் திருப்பினால் பாய் தொய்ந்து, படகு நகரவே இல்லை. காற்றைத் திட்டினேன். இன்னொரு தரம் கிறுக்கியபோது படகு கவிழ்ந்தது. முதலாளி கரையில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். முதலை இருக்குமோ என்ற பயத்தில் என் நொண்டிக் காலும் நன்றாகவே நீந்தியது. நீ சிரிக்கலாம், நான் அன்றைக்குச் சிரிக்கவில்லை. இதுவும் போச்சு என்று கரையில் நனைந்தபடி இருந்தேன்.

றிஷாட் நனைந்த சேட்டைக் கழற்றிப் பிழிந்துகொண்டு மரத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். மறுகா கேட்டார்: “மேசன், நீங்க மரத்தை நிலத்துக்கு நேரா வெச்சிருக்கீங்க. படகு நிலத்திலயா ஓடப்போகுது?”

கரை சரிவு, கேதீஸ். படகு இடப்பக்கம் தாழ்ந்து கிடந்ததை நான் கவனிக்கவில்லை. சரிந்து கிடந்த படகில் மரத்தை நிமிர்த்தினால், தண்ணீரில் படகு நிமிரும்போது மரம் வலப்பக்கம் சாயத்தானே செய்யும்? சின்னப் பிள்ளைக்கும் விளங்கும், இந்தப் பெரிய மேசனுக்கு விளங்கவில்லை.

மறுநாள் தூக்குக் குண்டை வீட்டில் வைத்துவிட்டுப் போனேன். பாய் ஏற்றும் கயிற்றில் அளவு நாடாவின் நுனியைக் கட்டி மர உச்சிக்கு ஏற்றினேன். அங்கிருந்து படகின் இரண்டு விளிம்புகளுக்கும் அளந்தால் வலப்பக்கம் நாலு விரல் குறைவு. வலக் கம்பியைத் தளர்த்தி, இடக் கம்பியை இறுக்கி, திரும்பத் திரும்ப அளந்தேன். மத்தியானம் கழிந்துதான் இரண்டு பக்கமும் ஒன்றாக வந்தது. சனிக்கிழமை அக்கரை வரை போய்த் திரும்பினோம். எந்தப் பக்கம் கிறுக்கினாலும் ஒரே ஓட்டம். நேற்று விருந்தினரை ஆறு தடவை ஏற்றி இறக்கினேன். ஒன்றாந்தேதி தொடக்கம் வரச் சொல்லிவிட்டார் முதலாளி. சாரத்தில் ஏற முடியாத கால், படகில் மடித்து உட்கார மறுக்கவில்லை.

சித்திரையோடு உன் இரண்டு வருடம் முடிகிறது. மடம் இன்னும் இரண்டு வருடத்துக்குக் கையெழுத்துக் கேட்பதாகப் பரீனா சொன்னா. நீ என்னிடம் அதைச் சொல்லவில்லை. கோபமில்லை. நீ பாஸ்போர்ட் எடுக்கப் போன அன்று நான் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தேன். கதவடியில் கனநேரம் நின்றாய். போ என்றும் நான் சொல்லவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை. கால் நோவென்று நினைத்திருப்பாய். நோவில்லை, வெட்கம். ஒரு சொல் சொல்லியிருந்தால் நீ நின்றிருப்பாய் என்று எனக்குத் தெரியும்.

அந்தச் சொல்லை இப்போது எழுதுகிறேன். கையெழுத்து வைக்காதே.

பிள்ளையார் உன்னைக் காவல் காத்துக் கொண்டுவந்து சேர்க்கட்டும். இந்தக் கடிதத்துக்குப் பதில் எழுத வேண்டாம். நீயே வா.

உன் வழி பார்த்திருக்கும்,
உதயரூபன்