பின் சீட்டுக்கு மெத்தென்று ஒரு ஷாக்

அக்கா,

இன்று காலை காரை எடுத்தபோது பின்சக்கரத்தின் அருகே எண்ணெய் சொட்டியிருந்தது. விரலில் தொட்டு முகர்ந்து பார்த்தேன். உனக்காகப் பார்த்துப் பார்த்து வாங்கிய ஷாக் அப்சார்பர் கசிந்துவிட்டது.

எலும்புக்குள் நோய் இறங்கிய பிறகு, எழுமலையிலிருந்து மதுரை ஆஸ்பத்திரிக்கு வாராவாரம் உன்னைப் பின் சீட்டில் படுக்கவைத்து ஓட்டி வந்தேன். பழைய ஷாக் செத்துப்போயிருந்ததால் ரோட்டின் ஒவ்வொரு குலுக்கலும் உன் முதுகில்தான் இறங்கியது. நான் முன்னாலிருந்து "பள்ளம் வருதுக்கா" என்று குரல் கொடுப்பேன்; நீ மேலே இருக்கும் கைப்பிடியைப் பிடித்துக்கொள்வாய். "டிக்கியில அரிசி மூட்டையப் போடு, வண்டி அமுங்கி ஓடும்" என்றார்கள் தெருக்காரர்கள். அதையும் போட்டேன். "அரிசி சொகுசா வருது, நாந்தான் நொறுங்குறேன்" என்றாய். வலியிலும் உன் வாய் அடங்கவில்லை.

வண்டியூர்ப் பட்டறையில் மெக்கானிக் இரண்டு வகை காட்டினார். கேஸ் அடைத்தது விறைப்பாக நிற்கும், வேகத்துக்கு நல்லது. எண்ணெய் மட்டும் உள்ளது மெத்தென்று இறங்கி ஏறும். "பின்னாடி எம்புட்டு வெயிட் ஏறும்ணே?" என்று என்னிடம் கேட்டார். காருக்குள்ளிருந்து நீ பதில் சொன்னாய்: "நான் ஒருத்திதான்யா. அதுவும் இப்ப முக்கா ஆளு." அவர் சிரிக்கவில்லை. எண்ணெய் ஷாக்கையே ஜோடியாக மாட்டி, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழமும் வைத்தார். பழம் நசுங்கியபோது, உன் வலிக்கு மருந்தே கண்டுபிடித்துவிட்டதாக நினைத்தேன். முட்டாள்தனமான சந்தோஷம்தான், ஆனால் சந்தோஷம்.

வண்டி தொட்டில் மாதிரிப் போனது. திருமங்கலம் தாண்டி ஒரு வேப்பமரத்தடியில் இன்ஜினை நிறுத்திவிட்டு, உனக்கு டீ வாங்கி வந்தேன். நீ கண்ணை மூடியபடி இன்னும் கைப்பிடியை விடாமல் பிடித்திருந்தாய்.

"இன்னும் எம்புட்டுத் தூரம்டா தம்பி இந்தக் குலுக்கல்?"

"வண்டி நிக்குதுக்கா."

கண்ணைத் திறந்தாய். வெளியே மரம் அசையாமல் நின்றது. கொஞ்ச நேரம் அதையே பார்த்தாய். பிறகு, "நல்ல ஷாக்குடா" என்றாய். எனக்காகத்தான் சொன்னாய். டீ ஆறிப்போகும் வரை இரண்டு பேரும் குடிக்கவில்லை. அதற்குப் பிறகு எந்த டாக்டரிடமும் நான் எதையும் கேட்கவில்லை.

இன்று அதே மெக்கானிக்கிடம்தான் போனேன். "ஒண்ணு கசிஞ்சாலும் ஜோடியா மாத்தணும்ணே. இப்பப் பின்னாடி யாரு உக்காருறா?" என்று கேட்டார். யாருமில்லை என்றேன். "அப்ப எதப் போட்டாலும் ஒண்ணுதான்" என்றார். அவர் சொன்னது சரிதான். நாளைக்கு வாரேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். போவேனா என்று தெரியவில்லை.

வழியில் வாய் தானாகச் சொன்னது, "பள்ளம் வருதுக்கா."

வண்டி தூக்கிப் போட்டது. பின்னால் கைப்பிடியைப் பிடிக்க யாருமில்லை.